அஸ்வகந்தா காலையில், அமுக்கரா ராத்திரியில்

என் கை நடுங்குவதை முதலில் கவனித்தது லைனில் என்னோடு நிற்கும் ஒரு பெண்தான். ஷூவின் மேல்பாகத்தை, எங்கள் பேச்சில் அப்பர், ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துத் தையல் ஒழுங்காக ஓடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னாக்கா, அப்பர் ஆடுது?" என்றாள். ஃபேன் காற்று என்றேன். ஃபேன் பத்தடி தள்ளி, வேறு பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது.

ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். வீடு சத்துவாச்சாரியில். வயது 46. ஆறு வருஷமாகத் தைராய்டு குறைவு, அதற்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில். வேறு வியாதி கிடையாது. இந்த மாத்திரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான் நடந்தது.

போன வருஷம் பங்குனி மாதம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரண்டு ஷிப்மென்ட் ஒரே வாரத்தில். பையர் கம்பெனியிலிருந்து ஆடிட்டுக்கு ஆள் வருகிறார்கள். பையனுக்கு ப்ளஸ் டூ பரீட்சை. ராத்திரி இரண்டரை மணிக்கு டாண் என்று விழிப்பு வரும், அப்புறம் எந்த லாட்டில் எத்தனை ஜோடி ரிஜெக்ட் ஆகும் என்று கணக்குப் போட்டபடி கிடப்பேன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கினேன். அஸ்வகந்தா, 60 கேப்ஸ்யூல், மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும் என்று மேலே போட்டிருந்தது. ஒரு கேப்ஸ்யூலில் 300 மில்லிகிராம் சாறு. காலையில் ஒன்று, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒன்று. டாக்டரைக் கேட்கத் தோன்றவே இல்லை. பச்சிலைதானே.

இதற்கு நடுவில் அத்தை, அதாவது என் மாமியார், தன் பங்குக்கு ஆரம்பித்தார். "ராத்திரியெல்லாம் பொரண்டுனு கீற. இத்த குடி" என்று ஒரு டம்ளர் பால். அதில் பழுப்பு நிறத்தில் ஒரு பொடி, கூட கொஞ்சம் பனங்கற்கண்டு. லாங்கு பஜாரில் அத்தை முப்பது வருஷமாகப் போகும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கியது. அமுக்கரா என்றார். சரி என்று குடித்தேன். மாமியார் பாசமாகக் கொடுக்கும் பாலை எந்த மருமகள் கலவை என்னவென்று விசாரித்துக் குடிப்பாள்?

முதல் மூன்று வாரம் நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். அஞ்சு மணி வரை ஒரே தூக்கம். ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

அப்புறம் வந்ததையெல்லாம் நான் வேறு வேறு கணக்கில் எழுதினேன். வியர்த்துக் கொட்டியது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் யாருக்குத்தான் வியர்க்காது? கோட்டைச் சுவரே வியர்க்கும். எடை நாலு கிலோ குறைந்தது, "ஸ்லிம் ஆயிட்ட" என்று நாலு பேர் சொன்னார்கள், எனக்கும் சந்தோஷமாக இருந்தது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடவென்றது. ப்ளஸ் டூ ரிசல்ட் வரப்போகிறது, அந்தப் பதட்டம் என்று நினைத்தேன். திரும்பவும் தூக்கம் போனது. நாற்பத்தாறு வயசு, மாதவிலக்கு நிற்கும் காலம், இப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தேன். தூக்கம் போனதால் கேப்ஸ்யூலை இன்னும் ஒழுங்காகப் போட்டேன். அப்பர் ஆடிய அன்றுதான் டாக்டரிடம் போனேன்.

நாடித்துடிப்பு 112. இ.சி.ஜி.யில் வேகத்தைத் தவிர ஒன்றுமில்லை. டி.எஸ்.எச். ரிப்போர்ட் மறுநாள் வந்தது: 0.06. எனக்கு வழக்கமாக இரண்டு, இரண்டரை என்று இருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், டி.எஸ்.எச். குறைந்தால் உடம்பில் தைராய்டு ஹார்மோன் அதிகம் என்று அர்த்தம். அதாவது ஆறு வருஷமாகக் குறைவு என்று மாத்திரை சாப்பிட்டவளுக்கு இப்போது எகிறிவிட்டது.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்ல டாக்டர், தைராய்டு மாத்திரை மட்டும்தான்" என்றேன். கூசாமல் சொன்னேன். ஏனென்றால் என் மனசில் அது உண்மை.

நல்லவேளை, அந்த டாக்டரம்மா அதோடு விடவில்லை. விரலை மடக்கி மடக்கிக் கேட்டார்: "பொடி? லேகியம்? கஷாயம்? முடி கொட்டாம இருக்க கம்மி, அந்த மெல்லுற மிட்டாய்? சத்து டானிக்?" முடிக்கு எதற்கு என்று கேட்டேன். அந்த மாதிரி மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் நிறைய இருக்கும், சில லேப் மெஷின்களில் அது தைராய்டு ரிசல்ட்டையே தப்பாகக் காட்டிவிடும் என்றார். பயோட்டின் நான் சாப்பிடவில்லை. ஆனால் பொடி என்றபோதே அத்தையின் டம்ளர் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன். சொன்ன பிறகு கேப்ஸ்யூலையும் சொன்னேன். "ரெண்டையும் எடுத்துட்டு வாங்க, நாளைக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் சமையலறை மேடையில் டப்பாவையும் அத்தையின் எவர்சில்வர் சம்புடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். குவாலிட்டிக்காரி இல்லையா, ஒரு கேப்ஸ்யூலைத் திருகித் திறந்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பார்த்தேன். வெளுத்த மண் நிறம், மாவு மாதிரி மெல்லிசு. பின்னாலிருந்து அத்தை, "இன்னாம்மா, அமுக்கரா வாசன வருது?" என்றார்.

சம்புடத்தைத் திறந்து முகர்ந்தேன். தட்டை முகர்ந்தேன். சின்ன வயசில் அப்பாவோடு ஜட்கா வண்டியில் ஏறும்போது முன்னால் நிற்கும் குதிரையிடமிருந்து ஒரு நெடி வருமே, ஈரமும் வியர்வையும் கலந்து, அதுதான் இரண்டிலும். அஸ்வம் என்றால் குதிரை, கந்தம் என்றால் வாசனை. பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். நாம் தமிழில் அமுக்கரா என்கிறோம். காலையிலும் சாயங்காலமும் சமஸ்கிருதப் பெயரில், ராத்திரி தமிழ்ப் பெயரில், ஒரே கிழங்கை ஒன்றரை மாசமாக நான் இரட்டை டோஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் டாக்டர் சிரிக்கவில்லை. 2018ல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னார். லேசான தைராய்டு குறைவு உள்ள 50 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு அஸ்வகந்தா வேர்ச்சாறு தினம் 600 மில்லிகிராம், மீதிப் பேருக்கு வெறும் மாவு, எட்டு வாரம் கொடுத்தார்கள். சாறு சாப்பிட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இறங்கியது, தைராய்டு ஹார்மோன் ஏறியது. 600 என்பது என் டப்பாவின் அளவேதான். "தைராய்டுக்கு நல்லது" என்று வீடியோவில் சொல்கிறவர்கள் இந்த ஆய்வைத்தான் காட்டுகிறார்கள். அதே வேலையைச் செய்ய ஏற்கெனவே ஒரு மாத்திரை விழுங்குகிறவளுக்கு என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. தைராய்டு குறைவே இல்லாதவர்களுக்கு இதைச் சாப்பிட்டு தைராய்டு எகிறியதாகவும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன.

"இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இது ரெண்டையும் நிறுத்துங்க, தைராய்டு மாத்திரைய மாத்த வேணாம். ஆறு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். சந்தேகப்படும் மருந்து விளைவு என்று ஒரு படிவத்தையும் நிரப்பினார். அப்படி ஒரு படிவம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். டாக்டர்தான் எழுத வேண்டும் என்பதில்லையாம், நாமே 1800 180 3024 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டுச் சொல்லலாம்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையைக் கூட்டிக்கொண்டு லாங்கு பஜார் போனேன். சண்டை போட இல்லை, தெரிந்துகொள்ளத்தான். கடைக்காரர் பெரியவர், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பேசுவார். அமுக்கரா சூரணம் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். கல்லாவில் இருந்த துண்டுத்தாளை எடுத்து எழுதியே காட்டினார். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதற்கு இரட்டிப்பு. கிழங்கைப் பால் ஆவியில் பிட்டு மாதிரி அவித்துக் காயவைத்துத்தான் இடிக்க வேண்டும், சூரணத்துக்கு ஆயுள் மூணு மாசம், அதற்கு மேல் வீரியம் இருக்காது என்றார்.

நான் மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். மொத்தம் 255 பங்கு. அதில் அமுக்கரா கால்வாசி. சர்க்கரை சரிபாதி.

"அத்த, உங்களுக்கு சுகர் இருக்கே, பாதி சர்க்கரை உள்ள சூரணத்தையா சாப்பிடுறீங்க?" என்று திரும்பினேன். கடைக்காரர் முந்திக்கொண்டார். "இல்லம்மா, அம்மாவுக்கு சுகர்னு சொன்னாங்க, அதனால நான் சூரணம் தர்றதில்ல. வெறும் கிழங்குப் பொடிதான் தர்றேன்."

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. சூரணமாக இருந்திருந்தால் ஒரு ஸ்பூன், அஞ்சு கிராம் என்று வைத்தால் அதில் கிழங்கு ஒண்ணேகால் கிராம்தான். வெறும் பொடி என்பதால் ஸ்பூன் முழுக்கக் கிழங்கு. நாலு மடங்கு. அத்தை அளவை மாற்றவில்லை, சூரணத்துக்கு எடுத்த அதே ஸ்பூன், அதுவும் கோபுரமாக. அவர் சுகருக்காகச் செய்த நல்ல காரியம் என் டம்ளரில் வந்து வேறாக விடிந்தது. இன்னொன்று, இந்தக் கிழங்கு ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக்கூடியது. அத்தை சுகர் மாத்திரையும் சாப்பிடுகிறார். அவ்வப்போது சாயங்காலம் "கண்ண இருட்டுது" என்று உட்காருவார். எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

கடைக்காரர் மேல் எனக்குக் குறை இல்லை. கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், சாக்கைத் திறந்து கிழங்கைக் காட்டினார். சிலதைக் கேட்டாலும் கொடுப்பதில்லை என்றார். தூக்கத்துக்கு என்று சர்ப்பகந்தா தேடி வருகிறார்களாம், வைத்தியர் சீட்டு இல்லாமல் தருவதில்லை. அது சாது மூலிகை இல்லை என்பது உண்மைதான். 1949ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் அது ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை வெளிநாட்டு இதழில் எழுதினார், 1952ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்தார்கள், உலகம் முழுக்கப் போனது. பிற்பாடு அந்த மருந்துச் சீட்டிலேயே மனச்சோர்வு வரலாம் என்ற எச்சரிக்கையும் ஏறியது. மனசு அமைதியாக வேண்டும் என்று தேடிப் போகிறவர்கள் வாங்குகிற வேர் அது.

டப்பா கம்பெனிக்காரர்கள் கதை வேறு. என் தொழிலைச் சொன்னால்தான் என் கோபம் புரியும். ஐரோப்பாவுக்குப் போகும் தோல் பொருளில் குரோமியம் ஆறு என்ற நச்சு ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, 2015லிருந்து சட்டம். ஒவ்வொரு லாட்டுக்கும் லேப் ரிப்போர்ட் இல்லாமல் பெட்டி கட்ட விடமாட்டேன். காலில் போடுகிற, அதுவும் சாக்ஸுக்கு மேல் போடுகிற பொருளுக்கு இத்தனை. வயிற்றுக்குள் போனதற்கு நான் ஒரு காகிதம் கேட்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. டப்பாவில் இருந்த லாட் நம்பரைக் குறிப்பிட்டு, இந்த லாட்டின் ஈயம், பாதரசப் பரிசோதனை ரிப்போர்ட் வேண்டும் என்று மெயில் போட்டேன். இது வீண் பயம் இல்லை. 2004ல் அமெரிக்காவில் பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்ததில் 14ல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்று இருந்தது. 2008ல் இணையத்தில் வாங்கிய 193ஐச் சோதித்தபோதும் ஏறக்குறைய அதே விகிதம், ஐந்தில் ஒன்று.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. எங்கள் பொருள் நூறு சதவீதம் இயற்கையானது, அடுத்த ஆர்டருக்குப் பத்து சதவீதத் தள்ளுபடி, கூப்பன் இதோ.

பிறகு பூதக்கண்ணாடியை வைத்து டப்பாவைப் படித்தேன். தோலில் துளை பார்க்க வைத்திருக்கும் கண்ணாடி. முன்பக்கம் மன அழுத்தம், தூக்கம் என்றெல்லாம் பெரிய எழுத்து. பின்பக்கம், எறும்பு சைஸில், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்று ஆங்கிலத்தில். உரிமம் மருந்துக்கானது இல்லை, உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண். அதாவது சட்டப்படி அது முறுக்கு, மிக்சர் வரிசையில் நிற்கிற பண்டம். அதற்கும் கீழே: வேர் மற்றும் இலைச் சாறு. நம் சித்த வைத்தியத்தில் உள்ளுக்குக் கொடுப்பது கிழங்கைத்தான். இலை மலிவு, அதில் வேறு சத்துகள் கூடுதல். 2021ல் ஆயுஷ் அமைச்சகமே அஸ்வகந்தா இலையைச் சேர்க்காதீர்கள் என்று கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கிறது. சாற்றில் 5 சதவீதம் விதனோலைடு, அதாவது இந்தச் செடியில் வேலை செய்கிற முக்கியச் சத்து, என்றும் போட்டிருந்தது. கிழங்கில் இயற்கையாக அது பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் கீழேதான். பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்று சொல்கிறோமே, பாட்டி சாப்பிட்டது இதை இல்லை.

எனக்குத் தைராய்டோடு போனது. கல்லீரலில் கை வைத்த கதைகளும் உண்டு. 2020ல் ஐஸ்லாந்து, அமெரிக்கா இரண்டிலிருந்தும் சேர்த்து ஐந்து பேரைப் பற்றி எழுதினார்கள். அஸ்வகந்தா சாப்பிட்டு இரண்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்குள் மஞ்சள் காமாலை, தாங்க முடியாத அரிப்பு. நிறுத்திய பிறகு நாலு பேருக்குச் சில மாதங்களில் கல்லீரல் பரிசோதனை சரியானது, ஐந்தாவது ஆளைத் தொடர்ந்து கவனிக்க முடியவில்லை. நம் ஊரில் காமாலை வந்தால் அடுத்து என்ன செய்வோம்? கீழாநெல்லி தேடி ஓடுவோம், கேப்ஸ்யூலைத் தொடர்ந்து போட்டுக்கொண்டே. டென்மார்க் 2023ல் அஸ்வகந்தாவைத் தடையே செய்துவிட்டது. ஹார்மோன்களைப் பாதிக்கலாம், கருவைக் கலைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அந்த அளவுக்கு நான் போக மாட்டேன். அளவறிந்த சித்த மருத்துவர் நாடி பார்த்து, வேறு என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுக் கொடுத்தால் நானே திரும்பச் சாப்பிடுவேனோ என்னவோ. கர்ப்பிணிகளும், தைராய்டு, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்களும், தூக்க மாத்திரை போடுகிறவர்களும் தானாக வாங்கி விழுங்குவதைத்தான் என்னால் இப்போது பார்த்துக்கொண்டு இருக்க முடிவதில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

இந்தப் பெயர்க் குழப்பம் அமுக்கராவோடு நிற்பதும் இல்லை. எதிர்வீட்டுப் பையன் காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கிறான், ஞாபக சக்திக்குப் பிரம்மி மாத்திரை சாப்பிடுகிறான். அவன் அம்மா வல்லாரைத் துவையல் அரைத்துக் கொடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதானே" என்கிறார். இல்லை. நம் ஊரில் பிரம்மி என்றால் நீர்ப்பிரமி, வல்லாரை வேறு செடி. வடக்கே பல இடங்களில் வல்லாரையையும் பிரம்மி என்றே சொல்கிறார்கள். அதனால் டப்பாவில் எந்தப் பிரம்மி இருக்கிறது என்று அறிய அதன் தாவரவியல் பெயரைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு செடிக்கு இரண்டு பெயர் என்றால், அவனுக்கு இரண்டு செடிக்கு ஒரு பெயர்.

ஆறு வாரம் கழித்து ஆனி மாதம் டெஸ்ட் கொடுத்தேன். டி.எஸ்.எச். 1.9. கை ஆடவில்லை. எடை நாலு கிலோவும் வட்டியோடு திரும்பி வந்துவிட்டது.

டாக்டர் சொன்னபடி வீட்டில் யார் யார் என்ன சாப்பிடுகிறோம் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டினேன். எனக்கு ஒரே வரி. அத்தைக்கு எழுத ஆரம்பித்தால் நிற்கவில்லை. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, காலையில் வெந்தயம் ஊறிய தண்ணீர், செவ்வாய் வெள்ளி திரிபலா, முட்டிக்கு ஒரு தைலம். "தைலம் வெளிலதான தடவறேன், அது எதுக்கு?" என்றார். எழுதினேன். பையன், "ஒண்ணும் இல்ல" என்று போட்டுவிட்டுப் போனான். என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டே, "எனக்கு என்ன இருக்கு, நான் ஒண்ணும் சாப்பிடறதில்ல" என்றார்.

மறுநாள் காலை பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனேன். தாளின் அடியில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், பென்சிலால் ஒரு வரி கூடியிருந்தது: தூக்கத்துக்குக் கம்மி, ஒண்ணு, எப்பவாவது. பக்கத்தில் பேனாவால், அத்தையின் கோணல் எழுத்தில்: தினமும்.